முங்காரும் ஹிங்காரும்

நேத்ராணித் தீவுக்கு எப்போது முக்குளிக்கப் போகலாம் என்று பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டால், கர்நாடகத்தின் முருடேஸ்வரத்துக் கரையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் இரண்டே சொற்களில் முடிந்துவிடும்: முங்காரு முடியட்டும். கேட்டவர் அதை ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று மாதக்கணக்காக மாற்றிக்கொண்டு போய்விடுவார். நம்மைப் போல் சொல்மீது காதல் கொண்டவர்கள் மட்டும் அந்தச் சொல்லைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்போம்.

முங்காரு என்பது முன்னும் காரும் புணர்ந்த சொல். தமிழனுக்கு இதில் அயன்மை ஒன்றுமில்லை. முன் வரும் கார், அதாவது ஆண்டின் முதல் மழைக்காலம், தென்மேற்குப் பருவமழை. வல்லினத்தின் முன் னகரம் அதன் இனமான ஙகரமாய்த் திரிந்து, ககரமும் மூக்கொலிக்குப் பின் மெலிந்து, ஈற்றில் கன்னடத்துக்கே உரிய உகரமும் ஒட்டிக்கொள்ள, முன்கார் முங்காரு ஆயிற்று. இதற்கு இணையான ஹிங்காருவில்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். பழங்கன்னடத்தில் பகரமாய் இருந்த மொழிமுதல் நடுக்கன்னடத்தில் ஹகரமாகிவிட்டது. பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பூ ஹூ. மாரத்தஹள்ளி, ஜாலஹள்ளி என்று நகரப் பேருந்தின் நெற்றியில் நாள்தோறும் படிக்கிறோமே, அந்த ஹள்ளியும் நம் பள்ளிதான். காஞ்சிப் பக்கத்துத் திருப்பருத்திக்குன்றத்துச் சமணப் பள்ளியன்று, ஊர் என்னும் பொருளுடைய பள்ளி. அவ்வாறே பின்கார் ஹிங்காரு. ஆண்டின் பின்பாதியில் வரும் வடகிழக்குப் பருவமழை.

இனிக் கார். பெங்களூரில் இச்சொல்லைச் சொன்னால் வெளிவட்டச் சாலையின் நெரிசல்தான் கண்முன் வரும். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். கருமையே இதன் அடி. காரிருளிலும் காரெருமையிலும் நிறமாகவே நின்ற சொல், நிறத்திலிருந்து நிறத்தை உடைய மேகத்துக்குத் தாவி, மேகத்திலிருந்து அது பொழியும் மழைக்கு இறங்கி, மழையிலிருந்து மழை பெய்யும் பருவத்துக்கு விரிந்து, கடைசியில் அப்பருவத்து வயலில் விளையும் நெல்லுக்கும் பெயராகிவிட்டது. தாமிரபரணிக் கரையில் இன்றும் கார், பிசானம் என்றே போகத்தைச் சொல்கிறார்கள். கடலுக்கும் இதில் பங்குண்டு. மேகம் நீரை முகந்து கொள்ளும் இடம் ஆதலின் கடலுக்குக் கார்கோள் என்றொரு பெயர் நிகண்டுகளில் இருக்கிறது. கடலாடப் போகிறவர் தம் படகுக்கு வைத்துக்கொள்ளத்தக்க பெயர். ஓசை ஒக்கிறதே என்று கார்த்திகையையும் இக்குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. அது கிருத்திகை விண்மீனின் வழி வந்த வடசொல்.

தொல்காப்பியர் முல்லைக்கு உரிய பெரும்பொழுதாகக் காரை வைத்தார். ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அதன்பின் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தமிழ் முன் என்றும் பின் என்றும் பிரித்தது பனியை. கன்னடம் அப்படிப் பிரித்தது காரை. இதற்குக் காரணம் இலக்கணத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது என்பேன். தமிழகத்தின் பெரும்பகுதிக்குப் பெருமழை வடகிழக்கிலிருந்துதான் வருகிறது. தென்மேற்கு மழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. அதன் மறுபக்கத்துக் கன்னடக் கடற்கரையிலோ ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மலைக்குக் கிழக்கே உள்ள மேட்டு நிலத்துக்கு இரண்டிலும் பங்கு. இரண்டு மழை காணும் உழவனுக்கு இரண்டு பெயர் வேண்டியிருந்தது. நமக்கோ இரண்டாவது மழையின் குளிர்தான் உறைத்தது, அதனால் கூதல் என்னும் சொல்லோடு உறவுடைய கூதிரை வைத்துக்கொண்டோம்.

பெங்களூரில் குடியிருப்பவருக்கு இந்த இரட்டை மழை ஒரு பொய்த்தோற்றத்தைத் தருகிறது. இந்நகரின் மழை மிகுந்த மாதம் செப்டம்பர். அக்டோபரும் அதற்கு அதிகம் இளைத்ததன்று. தமிழின் ஆவணி, புரட்டாசிக் கணக்கு இந்தக் கன்னடத் தலைநகருக்கு இவ்வளவு பொருந்துவதில் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. ஆனால் அக்டோபர் மாலையில் சன்னலுக்கு வெளியே இடி முழங்குவதைப் பார்த்து, நேத்ராணியிலும் இப்படித்தான் இருக்கும் என்று பயணத்தைத் தள்ளிப்போடுவது சரியன்று. மேல்கடலில் அப்போது முங்காரு ஓய்ந்து, அலை தணிந்து, முக்குளிப்புப் படகுகள் இறங்கத் தொடங்கியிருக்கும்.

ஏனெனில் நீருக்கடியில் இறங்குகிறவனுக்கு மேலே பெய்யும் மழை பெரிய பொருட்டே அல்ல. முழுதும் நனைந்தவனை மழை இன்னும் என்ன செய்யும்? காற்றும் கலங்கலுமே அவனுக்குப் பகை. ஜூனில் மேல்காற்று ஓங்கி வீசும்போது அலை எழும்பி அடிமண்ணைக் கிளறும். மலையிறங்கி வரும் சராவதி போன்ற ஆறுகள் செம்மண்ணைக் கொண்டுவந்து கடலில் கரைக்கும். கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நேத்ராணிக்குச் சிறுபடகு போவதே அப்போது நடவாத காரியம். கர்நாடகக் கரையில் இயந்திரப் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடையும் அந்நாட்களில்தான். நவம்பரில் வண்டல் படிந்து நீர் தெளியும். டிசம்பரும் ஜனவரியும் மிகத் தெளிந்த மாதங்கள். மே வரை ஓட்டலாம். தெளிதல் என்னும் வினை நீருக்கும் அறிவுக்கும் பொது. விசிபிலிட்டி எத்தனை மீட்டர் என்று பயிற்றுநர் கேட்கும் இடத்தில் தெளிவு எத்தனை மீட்டர் என்று கேட்டுப் பாருங்கள், சொல் எவ்வளவு இயல்பாய் உட்கார்ந்துகொள்கிறது.

உலகம் இந்தப் பருவத்துக்கு வைத்த பெயர் மான்சூன். அது அரபு மாலுமிகளின் மவ்சிம். குறியிடுதல் என்னும் வினையடியில் பிறந்தது. குறித்த காலம், கப்பல் புறப்படக் குறித்த காலம் என்பதே முதற்பொருள். போர்த்துக்கீசியர் வாயில் மொன்சாவ் ஆகி, ஆங்கிலத்துக்குப் போய்க் காற்றின் பெயராகி, இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது மழையின் பெயராகிவிட்டது. இந்தியில் மௌசம் என்றால் வானிலை. மலேசியத் தமிழர் அறிந்த மலாய்ச் சொல்லான மூசிம் மட்டும் பழைய பொருளைக் கைவிடவில்லை. டுரியான் பழுக்கும் காலம் அவர்களுக்கு மூசிம் டுரியான். நம் பருவம் என்ற சொல்லும் இப்படிப் பயணம் போனதே. கணு, மூட்டு என்று பொருள்படும் வடமொழிப் பர்வத்தோடு அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். எஸ். எல். பைரப்பா மகாபாரதத்தை மறுபடி எழுதிய கன்னட நாவலின் பெயர் பர்வ. பெங்களூரில் வாழும் பாவண்ணன் அதைத் தமிழாக்கிப் பருவம் என்றே பெயரிட்டார். கதையின் கணுவும் காலத்தின் கணுவும் ஒரே சொல்லில் பொருந்திய அழகான தலைப்பு அது.

காலம் பார்த்துக் கடலில் இறங்கியவர்களுள் யவனரை மறக்கலாகாது. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, ஹிப்பாலஸ் என்னும் காற்றின் துணையால் செங்கடல் வாயிலிலிருந்து 40 நாளில் முசிறியை அடையலாம் என்கிறார். அருகே நித்ரியாஸ் என்னும் இடத்தில் கடற்கொள்ளையர் இருப்பதாகவும் எச்சரிக்கிறார். அந்த நித்ரியாஸ் நம் நேத்ராணியே என்பது ஆய்வாளர் சிலர் கருத்து. மங்களூரின் நேத்ராவதிக் கரை என்பது வேறு சிலர் கருத்து. ஒலி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. கொள்ளையர் ஒளிந்திருக்க வசதியானது தீவு என்பதால் என் சாய்வு முன்னதன் பக்கம். இதைச் சான்று என்று சொல்லமாட்டேன்.

முக்குளிப்பவனுக்குக் காற்றே முதன்மை என்றேன். காற்றுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல்; இரண்டிலும் திசையே பெயர். கிழக்குக் காற்றான கொண்டலோ கொள் என்னும் அடியிலிருந்து வந்தது. நீரைக் கொண்ட மேகம் கொண்டல், அம்மேகத்தைக் கொணரும் காற்றும் கொண்டல். மேகத்தின் இன்னொரு பெயரான கொண்மூவும் இதன் உடன்பிறப்பு. மேற்குக் காற்று கோடை; அது வீசும் வெயிற்காலமும் கோடை. ஈழத்துக் கடலோடிகள் தென்மேற்கிலிருந்து வருவதைச் சோளகம் என்றும், மேற்கிலிருந்து மலை தாண்டி வறண்டு வருவதைக் கச்சான் என்றும் சொல்வார்கள். (வேர்க்கடலைக்கும் அங்கே கச்சான் என்றே பெயர், யாழ்ப்பாணத்து நண்பரிடம் கச்சான் வேண்டும் என்று கேட்டால் காற்று வராது, பொட்டலம்தான் வரும்.)

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் இந்தக் காற்றுக் கணக்கைத் தவறாமல் பார்த்தார்கள். குளி என்னும் வினைக்கு இன்று வாளியும் சோப்பும் போதும். அங்கே அது உயிரைப் பணயம் வைத்து மூழ்குவது. கல்லைக் காலில் கோத்துக்கொண்டு, மேலே கயிறு பிடிக்க ஒருவனை நம்பி, ஒரே மூச்சில் பாருக்கு, அதாவது சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுக்கு, இறங்கும் தொழில். சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் நடந்தது: வாடை ஓய்ந்து, சோளகம் தொடங்காத இடைவெளி. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல். இன்று அந்தமானுக்குப் பறக்கும் பெங்களூர்க்காரருக்கும் தைக்குப் பிறகு சித்திரை வரையிலான அதே இடைவெளிதான் நல்ல காலம்.

கடைசியாக ஒரு பெயர் ஒற்றுமை. நேத்ராணிக்கு ஆங்கிலேயர் வரைபடங்களில் இருந்த பெயர் புறாத்தீவு. திருகோணமலைக்கு அருகே, நிலாவெளிக் கரைக்கு எதிரே, 2003-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட பவளத்திட்டும் ஆங்கிலத்தில் அதே பெயருடையது, தமிழில் புறாமலை. இரண்டிலும் மாடப்புறாக்கள் தங்கியதால் வந்த பெயர். பெயர் ஒன்றாயினும் பருவம் நேர் எதிர். நேத்ராணியை மூடிவைக்கும் மேல்காற்று இலங்கையின் நடுமலையில் மழையை இறக்கிவிட்டுக் கீழ்க்கரைக்கு வறண்டே போகிறது. அதனால் மே முதல் செப்டம்பர் வரை, அங்கே சிறுபோகம் விளையும் மாதங்களில், புறாமலைக் கடல் தெளிந்து கிடக்கும். பின்பு ஹிங்காரு அங்கே போய்க் கலக்கும்போது இங்கே நேத்ராணி தெளியும். எனவே பள்ளி விடுமுறை எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு புறாத்தீவு திறந்தே இருக்கிறது.

புறாமலையில் மூச்சுக்குழலை மட்டும் கட்டிக்கொண்டு மிதப்பவரும் துடுப்பு நுனி கறுத்த சுறாக்களைப் பார்க்கலாம். புறா செய்யுளில் புறவு ஆவது போலவே சுறா சுறவு ஆகும், இறா இறவு ஆகும், நிலா நிலவு ஆகும். நன்னூலார் இவற்றுக்கெல்லாம் ஒரே விதியாக, குறிலை அடுத்த ஆகாரம் குறுகி உகரம் ஏற்கும் என்று முடித்துவிட்டார். நிலாவெளிக் கரையில் படகேறிப் புறாமலையில் சுறாப் பார்த்துவிட்டு இராச் சோற்றுக்கு இறாக் குழம்பு உண்பவர், அந்த ஒரு விதிக்குள்ளேயே நாளெல்லாம் சுற்றி வந்தவர்.