சைடு லாக் போட்டீங்களா? வண்டித் திருட்டின் ஒரு குட்டி வரலாறு

சில வருஷங்களுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்த என் பைக் ஒரு ராத்திரியில காணாமப் போச்சு. ஆர்.சி. புக் நகலோட ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, சைடு லாக் போட்டிருந்தீங்களா?" போட்டிருந்தேன். ஆனா அதைச் சொல்லும்போது ஏதோ நான் தப்பு பண்ணின மாதிரி குரல் இறங்கிச்சு. வண்டி திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்தக் கேள்வி மட்டும் மண்டையில உட்கார்ந்துகிச்சு. வண்டி திருடு போனா அது யார் பொறுப்பு? அன்னையிலேர்ந்து இந்த விஷயத்தைப் பத்தி கிடைச்சதையெல்லாம் படிச்சுட்டு வர்றேன். அதுல சிலது இங்கே.

கார் வந்த நாளிலிருந்தே கார் திருட்டும் உண்டு. ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி காருக்கு 1919 வாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்குக் கொடுத்த சாவிகள் மொத்தமே ஏறக்குறைய இரண்டு டஜன் வகைதான். போதாக்குறைக்கு, எந்தச் சாவி பொருந்தும் என்ற நம்பரை இக்னிஷன் சுவிட்சின் முகத்திலேயே பொறித்திருந்தார்கள். பூட்டு மேலேயே விடையை எழுதி வைத்த மாதிரி! அதே 1919ல் திருட்டு வண்டியை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஓட்டிப் போவதை மத்திய அரசுக் குற்றமாக்கி அமெரிக்கா சட்டம் போட்டது. தண்டனை கூடியது, பூட்டு அப்படியேதான் இருந்தது.

அடுத்த ஐம்பது வருஷமும் பேச்செல்லாம் ஓட்டுநரைப் பார்த்துத்தான். 1960களில் அமெரிக்காவில் ஒரு விளம்பரப் பிரச்சாரமே நடந்தது. காரில் சாவியை விட்டுப் போகாதீங்க, நல்ல பையன் ஒருத்தன் கெட்டுப்போக நீங்க காரணமாகாதீங்க என்பது அதன் சாரம். யோசிச்சுப் பாருங்க, திருடினவன் நல்ல பையன், பறிகொடுத்தவன் குற்றவாளி.

இதிலிருந்து விலகி யோசித்த நாடு மேற்கு ஜெர்மனி. 1960களின் தொடக்கத்தில் ஸ்டியரிங் பூட்டை அங்கே கட்டாயமாக்கினார்கள். புதுக் காருக்கு மட்டுமில்லை, ஏற்கெனவே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களுக்கும் சேர்த்து. திருட்டு சட்டென்று இறங்கியது, பல வருஷம் இறங்கியே இருந்தது. பிரிட்டன் 1971ல் அதே பூட்டைக் கொண்டுவந்தது, ஆனால் புதுக் கார்களுக்கு மட்டும். விளைவு? லண்டனில் திருடுபோன கார்களில் புதுசின் பங்கு 1969ல் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. 1973ல் அது இருபதில் ஒன்று. ஆகா என்று கைதட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். பழைய கார்கள் திருடுபோவது அந்தச் சமயத்தில் கூடியிருந்தது. புதுக் கார் வாங்க வசதியுள்ளவர் தப்பித்தார், அவருக்கு விழ வேண்டிய அடி பழைய காரை வைத்து ஒப்பேற்றுகிறவர் தலையில் விழுந்தது. இந்தக் கதையிலேயே எனக்கு உறுத்துகிற இடம் இதுதான்.

அப்படியானா எவ்வளவு தடுத்தாலும் திருடன் வேற வழி பார்த்துப்பான், இதெல்லாம் வீண் வேலைனு சொல்லிடலாமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த நினைப்பை மாற்றியது ஹெல்மெட்!

ஜெர்மனியில் ஹெல்மெட் போடாதவர்களுக்கு 1980ல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். விபத்தில் தலையைக் காப்பாற்றத்தான். ஆனால் பைக் திருட்டு ஒன்றரை லட்சத்திலிருந்து 1986ல் 54 ஆயிரம் அளவுக்கு விழுந்துவிட்டது. காரணம் ரொம்ப எளிமை. போகிற போக்கில் பைக்கைத் தூக்குகிறவன் கையில் ஹெல்மெட் இருக்காது, இல்லாமல் ஓட்டினால் முதல் சிக்னலிலேயே மாட்டுவான். சரி, அவர்கள் எல்லாம் கார் திருடப் போனார்களா என்று பார்த்தால், கார் திருட்டு கொஞ்சம்தான் கூடியிருந்தது. ரொனால்ட் கிளார்க் முதலான குற்றவியல் ஆய்வாளர்கள் 1989ல் இதை எழுதினார்கள். திருடுகிறவர்களில் பெரும்பாலோர் சபதம் போட்டுக் கிளம்புகிறவர்கள் இல்லை, கைக்கு எட்டியதால் எடுக்கிறவர்கள். கொஞ்சம் கஷ்டமாக்கினால் பலர் விட்டுவிடுவார்கள்.

1986ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லோஜாக் வந்தது. காருக்குள் எங்கோ ஒளித்து வைக்கிற சிறு ரேடியோ கருவி, திருடு போனால் போலீஸுக்கு சிக்னல் அனுப்பும். வெளியே எந்த அடையாளமும் கிடையாது. ஸ்டியரிங்கில் தெரிகிற மாதிரி கம்பி மாட்டினால் திருடன் பக்கத்து வீட்டுக் காருக்குப் போவான். எந்தக் காரில் கருவி இருக்கிறது என்றே தெரியாவிட்டால் எல்லாக் காரையும் பார்த்துப் பயப்படுவான். இயன் ஏர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1998ல் இதை ஆராய்ந்தார்கள். கருவி வாங்கியவரைவிட வாங்காத ஊர்க்காரர்களுக்கே அதிக லாபம் என்று கண்டார்கள்.

அதற்கப்புறம் வந்தது இம்மொபிலைசர். சாவிக்குள் ஒரு சிப். அது சரியான குறியீட்டைச் சொன்னால்தான் இன்ஜின் உயிர் பெறும். 1998லிருந்து ஐரோப்பாவில் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். இதனால் கார் திருட்டு சராசரியாக ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்ததாக நெதர்லாந்து ஆய்வு ஒன்று சொல்கிறது. இங்கேயும் கொஞ்சம் பழைய கார்கள் பக்கம் தள்ளுமுள்ளு நடந்தது, ஆனாலும் மொத்தக் கணக்கில் லாபம்தான். கனடா 2007ல் கட்டாயமாக்கியது. அமெரிக்கா ஆக்கவில்லை.

அங்கேதான் வினை. 2015 மாடல் கார்களை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவில் மற்ற கம்பெனிகளின் 96 சதவீத வண்டிகளில் இம்மொபிலைசர் இருந்தது. ஹூண்டாய், கியா வண்டிகளில் 26 சதவீதம்தான். அதே கம்பெனிகள் கனடாவில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அதை வைத்துத்தான் விற்றன. 2021, 2022 வாக்கில் இந்த ஓட்டையைக் காட்டும் வீடியோக்கள் டிக்டாக்கில் பரவின. விடலைப் பையன்கள் ராத்திரியில் கார்களை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி குறைந்தது 14 விபத்துகள், 8 சாவுகள். 83 லட்சம் வண்டிகளுக்கு மென்பொருளைப் புதுப்பித்துத் தர வேண்டியதாயிற்று.

இம்மொபிலைசர் இருந்தால் மட்டும் கவலை விட்டதா என்றால் அதுவும் இல்லை. சாவி போடாமலே திறக்கிற கார்களில், வீட்டுக்குள் மாட்டியிருக்கும் சாவியின் சிக்னலையே கருவி வைத்து நீட்டிக் காரை ஏமாற்றுகிறார்கள். லண்டனில் இயன் டேபர் என்பவரின் கார் 2022ல் திருடு போனது. திருடர்கள் ஹெட்லைட் பக்கத்து வயர் வழியாகவே காரின் உள் கணினி வலைக்குள் பூந்திருந்தார்கள். அவர் வேலையே காரின் கணினிப் பாதுகாப்பை ஆராய்வது. ஆளைப் பார்த்து எடுத்தார்களோ என்னவோ!

அமெரிக்கா பக்கம் இன்னொரு செய்தி. மென்பொருள் சரியாகும் வரைக்கும் ஹூண்டாயும் கியாவும் போலீஸ் மூலமாக இலவசமாகக் கொடுத்தது ஸ்டியரிங்கில் மாட்டுகிற இரும்புக் கம்பிப் பூட்டை. இப்போ எங்க வீட்டு வாசல்ல நிற்கிற செகண்ட் ஹேண்ட் பைக்குக்கும் சைடு லாக் போக முன் சக்கரத்துல ஒரு டிஸ்க் லாக் போட்டிருக்கேன், 350 ரூபாய். பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில அது இல்லை. அவர்கிட்டயும் ஒண்ணு வாங்கச் சொல்லியிருக்கேன்.