கோபுரத்துக்கு எதிரே எத்தனை அடி?

சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி அடுத்த ஆண்டு சென்னை போய்ச் சேர்ந்தார். மதுரைக்குத் தெற்கே அவர் வரவில்லை. ஆகவே திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் அவர் பெட்டிக்குள் சிக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலைதான் இங்கே நமக்கு வேண்டியது. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். எழுத்து தெரிய வேண்டுமானால் கிட்டப் போக வேண்டும். கிட்டப் போனால் சுவர் சட்டத்துக்குள் அடங்காது. நேர்கோட்டை வளைக்காத அகலக் கோண லென்ஸ் அன்றைக்குக் கடையில் கிடையாது. ஆகவே லென்ஸ் செய்யாத வேலையைக் கேமராவின் கால்கள் செய்தன. இரண்டே ஆண்டுகளில் ஆளுநர் டிரெவெல்யன், அரசின் நிதி நிலைக்கு இது ஆடம்பரம் என்று அந்தப் பதவிக்கே முடிவு கட்டினார்.

டிரைப்பின் பதவி போன பிறகுதான் அவருக்கு வேண்டிய லென்ஸ்கள் வந்தன. 1862இல் நியூயார்க்கின் ஹாரிசனும் ஷ்னிட்ஸரும் காப்புரிமை பெற்ற உருண்டையான 'குளோப்', 1865இல் ஜெர்மனியில் பூஷ் நிறுவனத்தின் 'பான்டாஸ்கோப்', 1866இல் லண்டன் டால்மையரின் அகலக் கோண லென்ஸ். எல்லாமே சிறு துளைக்காரர்கள். வெளிச்சத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஈரம் காயுமுன் கழுவியாக வேண்டிய கண்ணாடித் தகட்டோடு 1867-68இல் தென்னாட்டுக் கோயில்களை அரசுக்காகப் படமெடுத்த எட்மண்ட் லியோன் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று சொல்லத் தேவையில்லை. 1900இல் கோயர்ஸ் கொண்டுவந்த 'ஹைபர்கான்' 130 பாகைக்கும் மேல் பார்த்தது. ஆனால் நடுவிலிருந்து 60 பாகை விலகினால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது ஒளியியல் கணக்கு. அதற்காகவே அதன் முகத்தில் ஒரு நட்சத்திரச் சக்கரம் இருந்தது; ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றால் அதைச் சுழற்றி நடுப்பகுதியை மட்டுப்படுத்தினார்கள்.

இந்த வரலாற்றைக் கோணத்தின் வளர்ச்சியாகவே சொல்வது வழக்கம். 75 பாகை, 90, பிறகு 130 என்று. நம் ஊர்க் கட்டடங்களுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பது என் கட்சி. பேட்டையிலிருந்து டவுனுக்கு வந்து, கீழ ரத வீதியில் நெல்லையப்பர் கோபுரத்துக்கு எதிரே ஸ்டாண்டை விரித்தால் முதலில் இடிப்பது முதுகுக்குப் பின்னால் இருக்கும் கடை. சாயங்காலமானால் அல்வாவுக்கு நிற்கும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் கோபுரம் பின்பக்கம் சாய்ந்துவிடும். அதனால் பெட்டியை மட்டமாக வைத்து, லென்ஸ் பலகையை மட்டும் மேலே ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகும் பிலிமின் மூலை இருளாதபடி லென்ஸ் போதிய பெரிய பிம்ப வட்டத்தை விழச் செய்ய வேண்டும். நாலுக்கு ஐந்து அங்குல பிலிமை நெட்டுக்குத்தாக வைத்துக் கணக்குப் போடலாம். 'ஆங்குலான்' என்ற பழைய 90 மி.மீ. லென்ஸின் வட்டம் 154 மி.மீ.தான், பலகையை ஏற்ற இடமே இல்லை. 60 அடி தள்ளி நின்றால் லென்ஸ் மட்டத்துக்கு மேலே சுமார் 40 அடிதான் கிடைக்கும். அதே 90 மி.மீ. சூப்பர் ஆங்குலானின் வட்டம் 216. சுமார் 36 மி.மீ. ஏற்றலாம், 64 அடி கிடைக்கும். இனி 65 மி.மீ. சூப்பர் ஆங்குலான், வட்டம் 170. இதிலும் 64 அடிதான்! கோணம் விரிந்ததால் வந்த லாபமெல்லாம் கீழே, காலடியில், தார் ரோட்டில் போய்விடுகிறது. கோபுரத்துக்கு ஒரு கலசம்கூடக் கூடுதலாக வராது.

பழைய படங்களில் கோபுரம் தெப்பக்குளத்துக்கு அக்கரையிலிருந்தே தெரிவதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, கோயிலுக்குள் விடவில்லை என்பார்கள். கருவறைக்கு அது சரி. ரத வீதிக்கு யார் தடை போட்டார்கள்? வெளிப்பிரகாரம் வரை வெள்ளைக்காரக் கேமரா போயிருப்பதற்கு டிரைப்பின் மதுரைப் படங்களே சாட்சி. இன்னொரு வாதம் இன்றைக்கு உரியது: சாய்த்தே எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் நிமிர்த்திக்கொள்ளலாமே. நிமிர்த்தலாம்தான். நிமிர்த்தும்போது உச்சிப் பகுதி இழுபடும், இல்லாத நுணுக்கத்தை எந்த மென்பொருளும் கொண்டுவராது. சுதைச் சிற்பங்கள் மிகச் சிறிதாகத் தெரிவதே அந்த உச்சியில்தான். பெரிய பிலிமைத் தூக்கிச் சுமப்பதே அந்த நுணுக்கத்துக்காக.

உள்ளே போனால் கணக்கு மாறுகிறது. நெல்லைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தைப் பற்றி பெர்குசன் தன் 1876ஆம் ஆண்டு நூலில், பத்து வரிசையாக, வரிசைக்கு நூறு தூணாகப் பட்டாளம் போல நிற்கிறது என்ற பொருளில் அலுத்துக்கொண்டார். அந்த அலுப்போடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தவறான லென்ஸை வைத்தால் அவர் சொன்னது மெய்யாகிவிடும். தட்டையான பிலிமில் ஓரத்துத் தூண் பருத்துத் தெரியும்: கிடைமட்டமாக வைத்த பிலிமின் விளிம்பில் 65 மி.மீ. லென்ஸ் 36 சதவீதமும், 90 சுமார் 20 சதவீதமும், 150 வெறும் 8 சதவீதமும் பருக்க வைக்கும். கிருஷ்ணாபுரத்துச் சிற்பத் தூண்களை 65 கொண்டு எடுத்தால், சிற்பி ஒடுக்கிச் செதுக்கிய இடை பெருத்துப்போய் நிற்கும். கல்லுக்குச் செய்யும் அநியாயம் அது. பின்வாங்க இடமே இல்லாத மூலைக்கு மட்டும், வேறு வழியில்லாமல், 65ஐ எடுக்கலாம். ரத வீதிக்கு ஒரே லென்ஸ் வாங்கப் போகிறவர் குவிதூரத்தைக் கேட்பதற்கு முன் வட்டத்தைக் கேட்கட்டும்: 216 மி.மீ. வட்டமுள்ள 90 போதும்.