தரவுத்தள மீட்டெடுப்பில் சார்பு வரிசை

தரவுத்தளத்தைக் காப்புநகலிலிருந்து மீட்கும்போது, ஒன்று எதை நம்பி நிற்கிறதோ அதை முதலில் உருவாக்கியாக வேண்டும். ‘ரசீது’ அட்டவணையின் ஃபாரின் கீ ‘வாடிக்கையாளர்’ அட்டவணையைச் சுட்டினால், வாடிக்கையாளர் இல்லாமல் அந்தக் கீயை அமைக்க முடியாது. இந்த வரிசையைக் கணிப்பதே சார்பு மேலாண்மை.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் காப்புநகல் கருவியான பிஜி-டம்ப், தொடக்கத்தில் பெரும்பாலும் உருவான வரிசையில் தரப்படும் உள் எண்களை நம்பியது. முதலில் பிறந்தது முதலில் வரட்டும் என்ற கணக்கு. பழைய அட்டவணையில் ஒரு பத்தியின் இயல்பு மதிப்பாகப் புதிய ஃபங்ஷன் ஒன்றை வைத்தால் போதும், கணக்கு பொய்த்துவிடும். 2002இல் வெளிவந்த 7.3 பதிப்பு சார்புகளைத் தனி அட்டவணையில் பதியத் தொடங்கியது. 2005இல் வந்த 8.0 முதல் டம்ப் கருவி அதைப் பார்த்தே வரிசைப்படுத்துகிறது.

இன்றைய டம்ப் மூன்று பகுதி கொண்டது: கட்டமைப்பு, தரவு, தரவுக்குப் பிந்தையவை. பிரைமரி கீ, ஃபாரின் கீ, இண்டெக்ஸ் எல்லாம் கடைசிப் பகுதியில் வரும். அதனால் இரு அட்டவணைகள் ஒன்றையொன்று சுட்டினாலும் முழு டம்ப் தடுமாறாது. தரவை மட்டும் எடுத்தால்தான் எச்சரிக்கை வரும். ‘குரூப் பை’ பிரிவில் பிரைமரி கீயை மட்டும் எழுதிய வியூ ஒரு சுவாரசியமான சிக்கல். அந்த வியூ நம்பி நிற்கும் கீ கடைசியில்தான் பிறக்கும். வியூவோ முன்பே தேவைப்படலாம். எனவே அதே பத்திப் பெயர்களும் வகைகளும் கொண்டு, மதிப்பெல்லாம் வெறுமையாக (‘நல்’) இருக்கும் ஒரு பொம்மை வியூவை முதலில் எழுதிவைத்து, பிறகு உண்மையானதை அதன்மேல் எழுதுகிறது கருவி. டம்ப் கோப்பில் இதை முதன்முதலாகப் பார்ப்பவர் வியூ கெட்டுப்போனதாகப் பதறுவதுண்டு.

பதிவில் இல்லாத சார்புதான் உண்மையான ஆபத்து. சரமாக எழுதிய ஃபங்ஷனின் உடலுக்குள் எந்த அட்டவணை இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. அப்படியொரு ஃபங்ஷனை செக் கட்டுப்பாட்டில் வைத்து இன்னொரு அட்டவணையைத் தேடினால், மீட்கும்போது அந்த அட்டவணை காலியாக இருக்கக்கூடும். நல்ல வரிகளும் நிராகரிக்கப்படும். அந்த வேலைக்கு டிரிக்கரே உகந்தது. 2021இல் வந்த 14ஆம் பதிப்பின் ‘பிகின் அட்டாமிக்’ முறையில் எழுதிய எஸ்கியூஎல் ஃபங்ஷன்களுக்கு உட்சார்புகளும் பதிவாகின்றன.

மைஎஸ்கியூஎல் வேறு வழி: அதன் டம்ப் கோப்பு ஃபாரின் கீ சோதனையையே தற்காலிகமாக அணைத்துவிடுகிறது.

போஸ்ட்கிரெஸில் கவனிக்க வேண்டிய இன்னொரு சார்பு: பயனர் ரோல்கள் பிஜி-டம்ப்பில் வருவதில்லை. அவற்றை ‘பிஜி-டம்ப்-ஆல்’ என்ற கருவியைக் கொண்டு தனியே எடுக்க வேண்டும்.