மூட்டுக்குள் இருந்த பெண்கள்

பழைய கிதாரின் கழுத்து ஒரே நாளில் சாய்ந்துவிடுவதில்லை. ஆறு எஃகுத் தந்திகள் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு அதை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பத்தாண்டுகள் பல கடக்கும்போது மேற்பலகை புடைக்கிறது, கழுத்து முன்பக்கம் சாய்கிறது, தந்திகள் மெட்டுகளை விட்டு உயர்ந்துபோகின்றன. அழுத்தி வாசிக்கும் விரல் நோகிறது. அப்போது கழுத்தைக் கழற்றி, கோணத்தைத் திருத்தி, மீண்டும் பொருத்த வேண்டும்.

இப்படிப் பழுதுபார்க்க வரும் அமெரிக்கக் கிதார்கள் சிலவற்றின் தலைப்பகுதியில் பொன்னிறத்தில் ஒரு சிறிய பட்டை வரையப்பட்டிருக்கும். கிப்சனைத் தவிர வேறெதுவும் போதாது என்ற பொருளில் அதில் ஒரு வாசகம் இருக்கும். இரண்டாம் உலகப்போரின்போது, மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் தொழிற்கூடத்தில் செய்யப்பட்டவை அவை. இன்று பெரும் விலைக்குப் போகும் ஜே-45 என்ற கிதார் 1942இல் அங்கேதான் பிறந்தது.

ஆண்கள் போருக்குப் போய்விட்டார்கள். உலோகத்துக்குத் தட்டுப்பாடு. தொழிற்கூடத்தின் ஒரு பகுதி இராணுவத்துக்கான பாகங்களைச் செய்தது. ஆனால் கிதார்களும் வெளியே போய்க்கொண்டிருந்தன. அவற்றைச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நிறுவனம் இதைச் சொல்லவில்லை. போர்க்காலத்தில் இசைக்கருவி உற்பத்தியே இல்லை என்றது ஒரு கதை. போருக்குப் போக முடியாத வயதிலிருந்த அனுபவசாலி ஆண்கள் செய்தார்கள் என்றது இன்னொரு கதை. இரண்டு கதைகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன. பெண்களை விட்டுவிடுவதில் மட்டும் இரண்டுக்கும் உடன்பாடு.

சட்டப் பேராசிரியரான ஜான் தாமஸின் கண்ணில் ஒரு புகைப்படம் பட்டது. தொழிற்கூட வாசலில் எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வரிசையாக நிற்கும் படம் அது. அவர்களில் உயிரோடிருந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். போர்க்கால ஏற்றுமதிப் பேரேடுகளைப் புரட்டினார். பெண்கள் ஏறத்தாழ 25,000 கிதார்களைச் செய்திருந்தார்கள் என்று எழுதினார். எக்ஸ்ரே படங்களையும் எடுத்து ஒப்பிட்டார். போர்க்காலக் கிதார்களின் உட்பாகங்கள் கூடுதல் நுணுக்கத்தோடு இழைக்கப்பட்டிருப்பதாக அவருக்குத் தெரிந்தது.

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். 'தையல் பழகிய மென்விரல்கள் அல்லவா!' என்று பாராட்டிவிடுவது எளிது. அந்தப் பாராட்டு, கற்ற தொழிலைப் பிறவிக் குணமாக மாற்றிவிடும். பிறவிக் குணத்துக்கு யாரும் கூலி உயர்த்தித் தருவதில்லை. போர் முடிந்ததும் ஆண்களுக்கு இடம்விட்டு அவர்களில் பலர் வெளியேற வேண்டியிருந்தது. தலைப்பகுதியிலிருந்த பட்டையும் மறைந்தது.

கழுத்தைக் கழற்றுவது எப்படி? உடலோடு கழுத்து சேரும் இடத்தில் புறாவின் வாலைப்போல் விரிந்த முளை இருக்கிறது, அது அதற்கேற்ற குழிக்குள் இறங்கியிருக்கிறது. வெளியே எதுவும் தெரியாது. அந்த இடத்துக்கு மேலுள்ள ஒரு மெட்டைப் பிடுங்கி, அதன் அடியில் சிறு துளையிட்டு, மூட்டுக்குள் நீராவியைச் செலுத்துகிறார்கள். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரம் சூட்டிலும் ஈரத்திலும் இளகுகிறது. கழுத்து கையோடு வந்துவிடுகிறது. பிறகு கழுத்தடியின் விளிம்பை உளியால் சீவுகிறார்கள். கீழ்முனையில் ஓரிரு மில்லிமீட்டர், மேலே போகப்போக ஒன்றுமில்லை. தளர்ந்த முளையின் பக்கங்களில் மெல்லிய மரச்செதில் ஒட்டி, மீண்டும் வஜ்ஜிரம் தடவி இறக்குகிறார்கள்.

அவசரப்பட்டு நெம்பினால் மரம் பிளந்துவிடும். மூட்டைத் திறக்க முடிவதே, எண்பது ஆண்டுகளுக்கு முன் அதைச் சேர்த்தவர்கள் திறக்கக்கூடியபடி சேர்த்ததால்தான். அந்த முளையில் யாருடைய கையெழுத்தும் இல்லை. சீவிய தடமும் உலர்ந்த பசையும்தான் அங்கே இருக்கின்றன.

பெண்களின் வரலாற்றை எழுதுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைதான். புதிய கருவி செய்யத் தேவையில்லை. பேரேடு, புகைப்படம், கிழவிகளின் நினைவு என்று எல்லாம் இருக்கின்றன. கோணம்தான் சாய்ந்திருக்கிறது. அதைச் சாய்த்தது எந்தத் தனிமனிதரின் சதியும் அல்ல, நாள்தோறும் ஒரே திசையில் இழுத்த விசை. திருத்திப் பொருத்திய கழுத்தையும் தந்திகள் மறுநாளே இழுக்கத் தொடங்கும். இந்த வேலை ஒருமுறை செய்து முடிப்பதல்ல.