நூற்றெட்டுப் பானைகளும் ஒரு சாம்பிள் பாட்டிலும்

ஊர்த் தண்ணீரில் பாக்டீரியா இருக்கிறதா என்று ஆய்வு செய்யப்போகும் மாணவத் தோழர்களுக்கு, பாட்டிலைக் கையில் எடுக்கும் முன் ஒரு குளத்தின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

1927 மார்ச் 20. மகாராஷ்டிரத்தின் மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகச் சென்ற மக்கள், சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறந்துவிடும் தீர்மானத்தை பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே நிறைவேற்றியிருந்தது. மகத் நகராட்சியும் 1924இல் இந்தக் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்திருந்தது, காகிதத்தில். அன்றைக்கே சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து தாக்கினார்கள். அடுத்து, ‘தீட்டுப்பட்ட’ குளத்தைச் சுத்தம் செய்தார்கள். 108 மண்பானைகளில் குளத்து நீரை மொண்டு, தயிர், பால், சாணம், மாட்டு மூத்திரம் கலந்து, மந்திரம் ஓதி, மறுபடியும் குளத்திலேயே விட்டார்கள்.

இந்த இடத்தில் அறிவியலின் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராபர்ட் கோக் 1884இல், அதாவது மகத்துக்கு 43 ஆண்டுகளுக்கு முன், கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலரா கிருமியைக் கண்டறிந்துவிட்டார். மறுஆண்டே எஷரிக், இன்று ஈ.கோலை என்று நாம் சொல்லும் பாக்டீரியாவை விவரித்தார். தண்ணீரில் ஒவ்வொரு நோய்க்கிருமியாகத் தேடுவது பெரும்பாடு. குடலில் வாழும் ஈ.கோலையைத் தேடினால் போதும். அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது. மனிதக் குடலில் மட்டுமல்ல, மாட்டுக் குடலிலும் அது வாழ்கிறது. ஆகவே அந்தச் சடங்குக்கு முன்னும் பின்னும் ஒருவர் சாம்பிள் எடுத்திருந்தால், குளத்தில் மலக்கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எது என்று தெரிந்திருக்கும். கை கழுவாத எவர் கையிலும் கிருமி இருக்கலாம்தான், மந்திரம் ஓதியவர் கை உட்பட. சாதியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை மட்டும் எந்த லேபிலும் கிடையாது.

வழக்கு பத்து ஆண்டுகள் இழுத்தது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது தெரிந்தது. டிஎன்ஏ சோதனைக்காக, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமே ரத்தம் கேட்டார்கள். சோதனை என்ற சொல்லே நம் மக்களுக்குப் பயம் தருவது இதனால்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு காலனிக்குள் போங்கள்.

ஊர்த் தொட்டி, காலனித் தொட்டி இரண்டிலும் ஒரே நாளில் சாம்பிள் எடுங்கள். குழாய்த் தண்ணீரையும் வீட்டுக் குடத்துத் தண்ணீரையும் தனித்தனியாக எடுங்கள். பாட்டில் கிருமிநீக்கம் செய்ததாக இருக்கட்டும். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே கிருமி செத்து, தண்ணீர் நல்லதுபோல் காட்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே லேபுக்குக் கொண்டுபோங்கள். குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் முதல் நகல் பேராசிரியருக்கு அல்ல, காலனி மக்களுக்கு.