நிறுவல் வட்டும் தமிழ் எழுத்தும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் 1985 முதல் 2014 வரை

மலேசியத் தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகிய மூன்றோடு நின்றுவிடுவது வழக்கம். விண்டோஸை நிறுவும் வட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. 2000க்குப் பிறகு ஏழெட்டு ஆண்டுகள், பத்துமலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு வீட்டுக் கணினியில் யூனிகோடு தமிழ் உடையாமல் தெரியுமா தெரியாதா என்பது பெரும்பாலும் அந்த வட்டைப் பொறுத்தே இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் நிலைமை வேறு. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் இயங்குதளத்தின் மேல் தனியாக ஏற்றப்பட்டவை. இயங்குதளத்துக்கு ஒரு வட்டு, தமிழுக்கு இன்னொன்று. முன்னதில் தமிழ் இல்லாதது யாருக்கும் குறையாகப் படவில்லை. விண்டோஸ் 95ஐ டிஸ்கெட்டில் வாங்கியவருக்கு 13 டிஸ்கெட்டுகள் வந்தன. முதலாவது வழக்கமான 1.44 எம்பி. மற்றவை 1.68 எம்பி கொள்ளும்படி நெருக்கி எழுதப்பட்டவை. டாஸில் இருந்த நகலெடுக்கும் கட்டளை இவற்றிடம் தோற்றுப்போகும். தனிக் கருவி வேண்டும். திருட்டு நகலுக்குப் போட்ட முட்டுக்கட்டை, வாங்கியவர் தன் டிஸ்கெட்டுக்குக் காப்புப்படி எடுப்பதையும் சேர்த்தே தடுத்தது.

குறுந்தட்டிலிருந்தே கணினியைத் தொடக்கும் எல் டோரிட்டோ முறையை ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 1995 ஜனவரியில் வெளியிட்டன. அது பரவும்வரை தொடக்க டிஸ்கெட் ஒன்றும் குறுந்தட்டு ஒன்றுமாகக் காலம் ஓடியது.

திருப்பம் 2000 பிப்ரவரியில் வந்தது. விண்டோஸ் 2000தான் லதா எழுத்துருவோடு தமிழைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்த முதல் விண்டோஸ். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பை மைக்ரோசாஃப்ட் முடித்து வட்டுத் தயாரிப்புக்கு அனுப்பியதும் அதே மாதம்தான். ஆனால் எக்ஸ்பியில் தமிழ் தானாக இயங்கவில்லை. கண்ட்ரோல் பேனலில் வட்டார, மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே எக்ஸ்பி வட்டைச் செருகச் சொல்லி ஒரு பெட்டி எழும். அது கேட்கும் கோப்பு ‘ஐ386’ கோப்புறைக்குள், ‘லேங்’ என்ற உள்கோப்புறையில் கிடக்கும். வட்டு இல்லையென்றால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகிப்போய், புள்ளி வட்டங்களோடு நிற்கும் தமிழ்தான் கதி.

அந்த வட்டு யாரிடம் இருந்தது? பெயர்பெற்ற நிறுவனங்களின் கணினியை வாங்கிய பலருக்கு முழு விண்டோஸ் வட்டு தரப்படவில்லை. மீட்பு வட்டோ வன்தட்டில் மறைத்துவைத்த பகுதியோதான் கிடைத்தது. மற்றவர்களுக்கு இம்பி பிளாசா, 1999இல் திறந்த லோ யாட் பிளாசா, இல்லையென்றால் தாமானில் கணினி பழுதுபார்க்கும் தம்பி. இப்படிப் புழங்கிய நகல் வட்டுகளைத் தடுக்க வந்த ஒளிவட்டுச் சட்டம் 2000, வட்டு அச்சிடும் தொழிற்சாலைகளுக்கு உரிமத்தையும், ஒவ்வொரு வட்டிலும் தயாரிப்பாளர் குறியீட்டையும் கட்டாயமாக்கியது. அதன் குறி ஆலைகள்தாம். வீட்டில் எரிக்கும் வெற்றுத்தட்டுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தைத்தான் நாட வேண்டியிருந்தது.

எரிப்பதில் கொஞ்சம் கைவேலையும் உண்டு. எக்ஸ்பி கோப்புகளை வன்தட்டுக்குப் படியெடுத்து, 2004இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கை அவற்றோடு இணைப்பார்கள். மூல வட்டின் தொடக்கப் பகுதியைத் தனிக் கோப்பாகப் பிரித்தெடுத்து, நீரோ மென்பொருளில் தொடக்க வட்டாகத் தட்டில் ஏற்றுவார்கள். ஏற்றவேண்டிய செக்டார் எண்ணிக்கையை 1இலிருந்து 4ஆக மாற்ற வேண்டும். கோப்புப் பெயரின் வாலில் அரைப்புள்ளியும் 1ம் ஒட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னதை மறந்தால் தொடக்கக் கோப்பான என்டிஎல்டிஆர் காணவில்லை என்ற ஒற்றை வரியோடு கணினி நின்றுவிடும், தட்டு குப்பைக்குப் போகும்.

தமிழுக்கு வினை வந்தது இதற்கு அடுத்த படியில். 700 எம்பி தட்டில் சர்வீஸ் பேக், டிரைவர்கள், கூடுதல் மென்பொருள்கள் எல்லாவற்றையும் திணிக்க இடம் போதாது. என்லைட் போன்ற கருவிகளால் வட்டை மெலியவைத்தவர்கள் கைவைத்த முதல் இடங்களில் ஒன்று ‘லேங்’. அதில் பேரிடம் பிடித்தவை சீன, ஜப்பானிய, கொரியக் கோப்புகள். தமிழுக்கு வேண்டியது மிகச் சிறியது. பெரியவற்றோடு அதுவும் சேர்ந்து போனது. இங்கே கோலாலம்பூருக்கே உரிய ஒரு வினோதத்தையும் கணக்கில் கொள்ளலாம். சீன வாடிக்கையாளர் நிறைந்த ஊரில் அந்தக் கோப்புறையை வெட்டிய வட்டு விலைபோகாது. சீனத்துக்காக விட்டுவைத்த இடத்தில் தமிழும் தப்பியிருக்கும் என்றே நான் கருதுகிறேன். வெளிநாட்டில் மெலியவைத்துப் பதிவிறக்கத்தில் வந்த வட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வட்டின் பங்கை மிகைப்படுத்தவும் கூடாது. தைப்பூசத் துண்டறிக்கை அடிக்கும் அச்சகங்கள் 8 பிட் எழுத்துருக்களை விடாமல் பிடித்திருந்ததற்கு முதல் காரணம் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர். அதற்கு யூனிகோடே தெரியாது. வீடுகளின் கதை வேறு. முரசு அஞ்சலும் டிஸ்கி என்ற 8 பிட் குறியேற்றத்தில் அமைந்த எழுத்துருவும் விண்டோஸ் வட்டைக் கேட்காமல் வேலை செய்தபோது, வட்டு கேட்கும் யூனிகோடுக்கு மாற அங்கே யாருக்கும் அவசரம் வந்திருக்க முடியாது. குறியேற்றச் சண்டைகளை மட்டுமே காரணம் காட்டும் வரலாறுகள் இந்தச் சோம்பலைத் தவறவிடுகின்றன.

2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா தமிழைத் தொடக்கத்திலேயே நிறுவிக்கொண்டது. வட்டைக் கேட்கும் பெட்டி ஒழிந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் நிறுத்தியது.

பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க மெய்நிகர் கணினியில் எக்ஸ்பி ஏற்றுவோருக்கு இவ்வட்டுகள் இன்றும் தேவைப்படுகின்றன. ஆய்வாளருக்கு இவை ஆவணமும்கூட. மேலுறையில் பேனாவால் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். முதல் அடுக்கில் ‘வின்51’ என்று தொடங்கும் சிறு கோப்புகளின் வாலில் எஸ்பி2 இருந்தால் வட்டு 2004 ஆகஸ்டுக்குப் பிந்தியது, எஸ்பி3 இருந்தால் 2008க்கு. பிறகு ‘லேங்’ இருக்கிறதா என்று பார்த்தால், தமிழுக்கு அதில் இடம் விட்டார்களா என்பதும் தெரிந்துவிடும்.