ஹன்ஸ்பெல்

ஹன்ஸ்பெல் என்பது கட்டளைவரியில் இயங்கக்கூடிய ஒரு கட்டற்ற எழுத்துப்பிழை திருத்தி மென்பொருள் ஆகும். இது அங்கேரிய மொழிக்காக லாசுலோ நேமெத் என்பவரால் உருவாக்கப்பட்டது. அங்கேரிய மொழியும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழி என்பதால், பின்னொட்டுகளை விதிகளாக எழுதும் வசதி இதில் உள்ளது. அவ்விதிகளைத் தமிழுக்கேற்ப அமைக்காவிடில் இம்மென்பொருள் சரியான சொற்களையும் பிழை எனக் காட்டும்.

வரலாறு

ஹன்ஸ்பெல், மைஸ்பெல் என்னும் முந்தைய மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. 2006 ஆம் ஆண்டில் ஓப்பன் ஆபிஸ் 2.0.2 பதிப்பிலும், 2008 இல் ஃபயர்பாக்ஸ் 3 பதிப்பிலும் இடம்பெற்றது. பின்னர் லிப்ரே ஆபிஸ், குரோம் ஆகியவையும் இதனைப் பயன்படுத்தின.

கோப்புகள்

ஒவ்வொரு மொழிக்கும் இரு உரைக் கோப்புகள் தேவை.

1. சொற்பட்டியல் கோப்பு: இதன் முதல் வரி சொற்களின் ஏறத்தாழ எண்ணிக்கையைக் குறிக்கும். அடுத்த வரிகளில் வரிக்கு ஒரு சொல்லும், சாய்கோட்டை அடுத்து அச்சொல் ஏற்கும் விதிகளின் குறிகளும் இருக்கும்.
2. ஒட்டு விதிக் கோப்பு: எழுத்துக் குறியேற்றம், பின்னொட்டு விதிகள், பரிந்துரை அட்டவணை ஆகியன இதில் இடம்பெறும். தமிழுக்குக் குறியேற்றம் யுடிஎஃப்-8 என அமைக்கப்படும்.

பின்னொட்டு விதிகள்

ஒரு விதி, சொல்லின் இறுதியில் எதை நீக்கி எதைச் சேர்க்க வேண்டும் எனக் கூறும். 'மரம்' என்பதில் 'ம்' நீக்கி 'த்தை' சேர்த்தால் 'மரத்தை' கிடைக்கும். ஒருங்குறியில் 'ர்' என்பது ரகரமும் புள்ளியும் ஆகிய இரு குறிகளாகும். ஆகவே 'காக்களூர்' என்பதிலிருந்து 'காக்களூரில்' பெற, புள்ளியை மட்டும் நீக்கி இகர உயிர்க்குறியையும் 'ல்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஹன்ஸ்பெல் ஒரு சொல்லில் இரண்டு அடுக்குப் பின்னொட்டுகளையே பிரித்தறியும். 'மரங்களைப்' என்னும் சொல்லில் பன்மை, வேற்றுமை, வல்லின ஒற்று என மூன்று அடுக்குகள் உள்ளன. எனவே பன்மையையும் வேற்றுமையையும் இணைத்து ஒரே விதியாகவும், க், ச், த், ப் ஆகிய ஒற்றுகளை இரண்டாம் அடுக்காகவும் எழுதுவது ஒரு தீர்வாகும்.

குறியேற்றச் சிக்கல்கள்

'கொ' என்னும் எழுத்தை ககரத்துடன் ஒரே உயிர்க்குறியாகவும், ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் உள்ளிட முடியும். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறானவை. உள்ளீட்டு மாற்று விதி ஒன்றைச் சேர்த்து இரண்டாவதை முதலாவதாக மாற்றிக்கொள்ளலாம். திஸ்கி போன்ற பழைய குறியேற்றங்களில் உள்ள உரைகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும்.

பயனர் சொற்பட்டியல்

ஊர்ப்பெயர்கள் பொதுச் சொற்பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பேட்டைகளைப் பற்றிய கட்டுரையில் காக்களூர், கும்மிடிப்பூண்டி ஆகிய பெயர்கள் வேற்றுமை உருபுகளுடன் பலமுறை வரும். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே சேர்க்கத் தேவையில்லை. பயனர் சொற்பட்டியலில் 'காக்களூர்/கடலூர்' என ஒரு வரி எழுதினால், கடலூர் ஏற்கும் பின்னொட்டுகள் அனைத்தையும் காக்களூரும் ஏற்கும். இதற்குக் 'கடலூர்' என்னும் சொல் பொதுச் சொற்பட்டியலில் விதிக்குறிகளுடன் இருத்தல் அவசியம்.

சொல்லின் முன் உடுக்குறி இட்டால் அச்சொல் விலக்கப்படும். பள்ளி ஆண்டறிக்கையில் 'பள்ளி' என்பது 'பல்லி' எனத் தவறாக உள்ளிடப்படக்கூடும். 'பல்லி'யும் சரியான சொல்லே என்பதால் அது பிழையாகக் காட்டப்படாது. '*பல்லி' என்னும் வரியைச் சேர்த்தால் அப்பிழை அகப்படும்.

பயன்பாடு

கட்டளையுடன் 'டி' தெரிவைக் கொடுத்து அகராதியைக் குறிப்பிடலாம். 'எல்' தெரிவு, பட்டியலில் இல்லாத சொற்களை மட்டும் வரிசையாக வெளியிடும். அவ்வெளியீட்டை அகரவரிசைப்படுத்தி, ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வந்துள்ளது என எண்ணுவது பயனுள்ளது. ஒரு பெரிய உரையில் மிகுதியாக வருபவை பெரும்பாலும் அகராதியில் விடுபட்ட சரியான சொற்களாகவும், ஓரிரு முறை வருபவற்றுள் பல உண்மையான பிழைகளாகவும் இருக்கும்.

வரம்புகள்

ஹன்ஸ்பெல் ஒவ்வொரு சொல்லையும் தனித்தே ஆராய்கிறது. ஆகவே 'காக்களூருக்குச் சென்றான்' என்பதில் ஒற்று விடுபட்டாலும், 'காக்களூருக்குச் வந்தான்' எனத் தவறாக மிகுந்தாலும் அது கண்டறியாது. விதிகளைக் குறைத்தால் சரியான சொற்கள் பிழையாகும். வரம்பின்றிக் கூட்டினால் பிழையான சொற்கள் சரியாகும். எந்தப் பெயர்ச்சொல் எந்த உருபை எவ்வாறு ஏற்கும் என்னும் இலக்கணப் பகுப்பைப் பொறுத்தே தமிழ் அகராதியின் தரம் அமைகிறது.